அவுட்போர்டு என்ஜினுக்கு மாற்று விசிறி தேர்ந்தெடுப்பது எப்படி? காவிரிக் கழிமுகப் படகுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில், கோடியக்கரை சீசன் தொடங்கின நேரம். ஆறுகாட்டுத்துறையிலிருந்து ஒரு தம்பி புது விசிறியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் வைத்தார்.

"அண்ணே, புதுசு மாட்டி பத்து நாள்தான் ஆவுது. வெறும் போட்டுல பறக்குது. வலையும் ஐஸும் ஏத்துனா முக்குது. என்ஜினைப் பிரிக்கணுமாண்ணே?"

என்ஜினில் ஒரு குறையும் இல்லை. பக்கத்துப் படகுக்காரர் எந்த அளவு வாங்கினாரோ அதே அளவை இவரும் வாங்கியிருந்தார். இருவரிடமும் ஒரே 9.9 குதிரைத்திறன் என்ஜின்தான். ஆனால் அவர் படகு 22 அடி, இரண்டு பேர் நண்டு வலைக்குப் போவது. இவர் படகு 28 அடி, நான்கு பேர், ஐஸ் பெட்டி, முந்நூறு கிலோவுக்கு மேல் நனைந்த வலை. ஒரே என்ஜின் என்பதற்காக ஒரே விசிறி பொருந்திவிடாது. விசிறியைப் படகின் எடைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குதிரைத்திறனுக்கு அல்ல. இந்த ஒன்றைப் புரிய வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

புரொப்பல்லர், ஃபேன், விசிறி என்று கரைக்குக் கரை பெயர் மாறும். இங்கே விசிறி என்றே எழுதுகிறேன். நீளத் தண்டு வைத்து டீசல் என்ஜினில் ஓடும் படகுகளின் விசிறி வேறு கதை. இது அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், தொங்கும் அவுட்போர்டுக்கு மட்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

விசிறிக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் பழையதைக் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். பட்டறைக்கு வருகிற படகுகளில் பல, விசிறியால் பழுதாகி வந்தவை அல்ல. படகின் அடியில் சிப்பியும் பாசியும் பிடித்திருக்கும். கார்புரேட்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஒரு பிளக் அடிக்காமல் இருக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் விசிறியை மாற்றினால் தலைவலிக்குக் கால் தைலம் தேய்த்த கதைதான்.

விசிறியே குற்றவாளி என்பதற்கு நான்கு அடையாளங்கள் உண்டு.

ஒன்று, தேய்மானம். ஆற்று வாய்களில் மணல் திட்டு உரசி உரசி இறக்கையின் நுனி வட்டம் குறைந்துபோகும். மூன்று இறக்கை விசிறியை நுனிக்கு நுனி அளக்க முடியாது. நடுத் தண்டின் மையத்திலிருந்து ஓர் இறக்கையின் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். விசிறியில் பதித்திருக்கும் முத்திரையில் உள்ள விட்டத்தைவிடக் கால் அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது வேலைக்கு ஆகாது.

இரண்டு, வளைவு. என்ஜினை ஸ்டாண்டில் மாட்டி, ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி அதன் முனை ஓர் இறக்கையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். கையால் மெல்லச் சுற்றுங்கள். மூன்று இறக்கையும் குச்சியை ஒரே இடைவெளியில் கடக்க வேண்டும். ஒன்று உரசி மற்றொன்று விலகிப் போனால் வளைந்திருக்கிறது. அந்த நடுக்கம் தண்டின் பேரிங்கையும் சீலையும் தின்றுவிடும்.

மூன்று, இறக்கையின் முகப்பில் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். முன்விளிம்பில் ஒரு நெளிவோ வெட்டோ இருந்தால் அதன் பின்னால் அழுத்தம் குறைந்து தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் உடையும் அடியில் உலோகம் பொரிந்து போகும். சின்ன நெளிவை அரம் போட்டு மழுங்கச் செய்யலாம். மூன்று இறக்கையிலும் சமமாக அரம் போடுங்கள். இறக்கையின் அடியில், நடுக்கட்டையோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நான்காவது கண்ணுக்குத் தெரியாதது. விசிறியின் வெளிக்கட்டைக்கும் உள்ளே தண்டைப் பிடிக்கும் பித்தளைக் குழலுக்கும் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். விசிறி எதிலாவது இடித்தால் கியருக்கு அடி போகாமல் இந்த ரப்பர் வழுக்கி விட்டுக்கொடுக்கும். பலமுறை வழுக்கிய ரப்பர் பிறகு எப்போதும் வழுக்கும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகம் கொடுத்தால் என்ஜின் மட்டும் அலறும், படகு நின்ற இடத்தில் நிற்கும். கியர் போய்விட்டது என்று பயந்து கியர்பெட்டியைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். விசிறியைக் கழற்றாமல், நட்டை மட்டும் எடுத்துவிட்டு, பின்பக்கம் உள்குழலின் விளிம்பிலிருந்து ரப்பர் மேலாக வெளிக்கட்டை வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரே நேர்க்கோடு இழுங்கள். காய்ந்ததும் நட்டை மாட்டி, ஒரு நடை முழு வேகத்தில் போய் வாருங்கள். கோடு நேராக இருந்தால் புஷ் நன்றாக இருக்கிறது. உள்கோடு ஒரு பக்கமும் வெளிக்கோடு ஒரு பக்கமும் நின்றால் புஷ் போய்விட்டது. புஷ் மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. இறக்கை நன்றாக இருந்தால் அது போதும், புது விசிறி வேண்டாம்.

சின்ன என்ஜின்கள் சிலவற்றில் ரப்பருக்குப் பதில் ஷியர் பின் இருக்கும். அது உடைவதற்காகவே வைத்த மெல்லிய பின். உடைந்தால் அதே பின்தான் போட வேண்டும். அவசரத்துக்கு ஆணியை வெட்டிச் சொருகினால் அடுத்த இடியில் உடைவது கியராக இருக்கும்.

முத்திரையைப் படிப்பது

விசிறியின் நடுக்கட்டையிலோ இறக்கையிலோ 9 1/4 × 10 என்பது போல இரண்டு எண் பதித்திருக்கும். எப்போதும் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்.

விட்டம் புரியும். விசிறி சுற்றும்போது நுனி போடும் வட்டத்தின் அகலம். பிட்ச்சில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு உள்ளே இறங்குமோ, அப்படி விசிறி ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்குதான் பிட்ச். 10 பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 10 அங்குலம். தண்ணீர் மரம் அல்ல, விட்டுக்கொடுக்கும். அதனால் முழு 10 அங்குலமும் போகாது. அந்த இழப்புக்கு ஸ்லிப் என்று பெயர்.

பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்துப் பெரிய எண்ணை வாங்குகிறார்கள். மூன்று மூட்டை நெல்லை வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் டாப் கியரிலேயே பைக்கை ஓட்டிப் பாருங்கள். பெரிய பிட்ச் அந்த டாப் கியர். குறைந்த பிட்ச் முதல் இரண்டு கியர். எடை ஏற்றும் படகுக்கு இழுவை வேண்டும், அதற்குப் பெரிய விட்டமும் குறைந்த பிட்ச்சும் வேண்டும். எடை இல்லாமல் பறக்கும் படகுக்குத்தான் பெரிய பிட்ச்.

எண்களுக்குப் பிறகு சில கம்பெனிகள் ஓர் எழுத்தும் போடும். யமாஹா விசிறிகளில் ஜே, எஃப், ஜி என்று பார்த்திருப்பீர்கள். அது கியர்பெட்டியின் வகை. எண் ஒன்றாக இருந்தாலும் எழுத்து வேறாக இருந்தால் உங்கள் தண்டில் ஏறாது. முத்திரை அழிந்துபோன விசிறியாக இருந்தால் தண்டின் பல்வரிகளை எண்ணுங்கள். ஒரு பல்லில் பெயிண்ட் புள்ளி வைத்துவிட்டு எண்ணினால் தவறாது. பல்லின் எண்ணிக்கை, விட்டம், என்ஜின் மாடல் எண், இந்த மூன்றும் கையில் இருந்தால் கடைக்காரர் குழம்ப மாட்டார்.

புகை எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். பல என்ஜின்களில் புகை விசிறியின் நடுக்குழல் வழியாகத் தண்ணீருக்குள் போகும். அப்படிப்பட்ட என்ஜினுக்கு அப்படிப்பட்ட விசிறிதான். குழலின் பின்விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து ஒரு வளையம் போல இருக்கும். அந்த விரிவு உடைந்துபோன விசிறியில் புகை திரும்பி இறக்கைக்குள் வந்து பிடிமானத்தைக் கெடுக்கும்.

ஆர்.பி.எம். அளக்காமல் விசிறி வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் இதை மட்டும் செய்தாலும் போதும்.

ஒவ்வொரு என்ஜினின் கையேட்டிலும் முழு வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் (ஆர்.பி.எம்.) ஓட வேண்டும் என்று ஓர் எல்லை போட்டிருக்கும். நம் கரையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றுக்கு 4500 முதல் 5500 வரை. சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றுக்கு 5000 முதல் 6000 வரை. உங்கள் என்ஜினின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள், கையேடு இல்லையென்றால் மாடல் எண்ணைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். சரியான விசிறி என்பது, உங்கள் வழக்கமான எடையோடு, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகினால் அந்த எல்லைக்குள் என்ஜினை ஓட விடும் விசிறி. வேறு இலக்கணம் கிடையாது.

எல்லைக்குக் கீழே ஓடினால் என்ஜின் முக்குகிறது என்று பொருள். எரிபொருள் முழுதும் எரியாது, கரி படியும், டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் சூடேறிக் கீறும். மண்ணெண்ணெயில் ஓட்டும் என்ஜினில் இது இன்னும் சீக்கிரம் வரும். எல்லைக்கு மேலே ஓடினால் கனெக்டிங் ராடும் பேரிங்கும் தாங்காது.

ஆர்.பி.எம். காட்ட என்ஜினில் மீட்டர் இல்லையென்று விட்டுவிட வேண்டாம். பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றினால் சுற்று காட்டும் சின்னக் கைமீட்டர் கிடைக்கிறது. ஒரு கரைக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லோருக்கும் ஆகும். வேகத்துக்கு உங்களிடம் உள்ள ஜி.பி.எஸ். போதும், செல்போனே போதும்.

சோதனை ஓட்டம் எப்படி?

படகின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். என்ஜினின் உயரத்தைப் பாருங்கள். விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தட்டு இருக்கும், அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் வரை மேலாகவோ இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். கீழே போனால் தண்ணீரை வாரி இழுத்து வேகத்தைக் குறைக்கும். அமரப் பலகை 15 அங்குலமா 20 அங்குலமா என்பதைப் பொறுத்துத் தண்டின் நீளம் மாறும். குட்டைத் தண்டு என்ஜினை உயரமான பலகையில் மாட்டிவிட்டு விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வழக்கமான எடையை ஏற்றுங்கள். ஆட்கள், வலை, ஐஸ், எரிபொருள் எல்லாம். வலை காய்ந்திருந்தால் ஒருமுறை நனைத்துப் போடுங்கள், திரும்பும்போது அதுதானே எடை. மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் மண்ணெண்ணெய்க்கு மாறிய பிறகே அளக்க வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் சக்தி அதில் கிடைக்காது, பெட்ரோலில் அளந்து வாங்கிய விசிறி மண்ணெண்ணெயில் முக்கும்.

இடம் முக்கியம். வெட்டாற்றிலோ அரசலாற்றிலோ சேறு கலங்கும் ஆழத்தில் அளக்காதீர்கள். தண்ணீர் ஆழம் குறைவாக இருந்தால் படகின் பின்பக்கம் அழுந்திப் போகும், சுற்றும் வேகமும் குறைத்துக் காட்டும். இரண்டு பாகமாவது (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம் உள்ள கடலில், வெள்ளன, காற்று ஏறுவதற்கு முன் போங்கள். நீவாட்டோடு (நீரோட்டத்தோடு) ஒரு ஓட்டம், நீவாட்டுக்கு எதிராக ஒரு ஓட்டம். இரண்டின் வேகத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் அரை நிமிடம் நிலையாக ஓடிய பிறகு சுற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடையை இறக்கிவிட்டு வெறும் படகிலும் ஒருமுறை.

கணக்கு

ஆறுகாட்டுத்துறைத் தம்பியின் படகிலேயே போட்டுக் காட்டுகிறேன். கையேட்டு எல்லை 4500–5500. விசிறி 10 பிட்ச். எடையோடு முழு வேகத்தில் 4400 சுற்றுதான் வந்தது, ஜி.பி.எஸ். 9 நாட் (மணிக்கு 9 கடல் மைல்) காட்டியது.

பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும், கூட்டினால் அதே அளவு குறையும். இது கைக்கணக்குதான், ஆனால் பெரும்பாலும் பொய்க்காது. இவருக்கு 8 பிட்ச் போட்டால் 300 முதல் 400 சுற்று கூடும், 4700–4800 வரும். 7 போட்டால் எடையோடு 5000-ஐ நெருங்கும், ஆனால் காலையில் வெறும் படகில் புறப்படும்போது 5500-ஐத் தாண்டிவிடும். அதனால் 8 என்று முடிவு செய்தோம். எடையோடு 4750 வந்தது. வேகம் குறையும் என்று தம்பி பயந்தார், 9.5 நாட் காட்டியது. என்ஜின் தன் சக்தி பிறக்கும் சுற்றுக்கு ஏறிவிட்டது, அதுதான் காரணம். வெறும் படகில் 5400. இரண்டு பக்கமும் எல்லைக்குள் நின்றது.

ஸ்லிப்பையும் பார்த்துவிடலாம். சுற்றைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, பிறகு 1215-ஆல் வகுத்தால் கிடைப்பது, தண்ணீர் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் போகக்கூடிய நாட் வேகம். இவர் என்ஜினின் கியர் விகிதம் 2.08. அதாவது என்ஜின் 2.08 சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று. பழைய விசிறியில் 4400 × 10 ÷ 2.08 ÷ 1215, அதாவது 17.4 நாட். போனது 9, இழப்பு ஏறத்தாழ 48 சதவீதம். புதியதில் 4750 × 8 ÷ 2.08 ÷ 1215, அதாவது 15 நாட். போனது 9.5, இழப்பு 37 சதவீதம். கனமான படகில் ஸ்லிப் அதிகமாகத்தான் இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்குத்தான் இந்த எண். இதே படகில் ஒருநாள் திடீரென்று ஸ்லிப் கூடினால் விசிறியையும் புஷ்ஷையும் படகின் அடியையும் பாருங்கள்.

ஒரு நோட்டில் தேதி, எடை, சுற்று, வேகம் நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்தமுறை விசிறி வாங்கும்போது அந்த ஒரு பக்கம் எந்தக் கடைக்காரரின் பேச்சையும்விட உதவும்.

நம் தண்ணீருக்கு எந்த விசிறி?

கழிமுகத்தில் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை. பழையாற்றில் கொள்ளிட வாய் மணல், பூம்புகார் பக்கம் காவிரி வாய் திட்டு, கோடியக்கரையைத் தாண்டித் திரும்பினால் பாக் நீரிணையின் ஆழமில்லாத சேற்றுக் கடல், முத்துப்பேட்டையில் கோரையாறும் பாமணியாறும் வந்து விழும் லகூன், அதில் அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டது மாதிரி நிற்கும்.

இப்படித் தரை தட்டும் இடங்களில் ஓட்டுபவர்களுக்கு நான் அலுமினிய விசிறியைத்தான் சொல்வேன். ஸ்டீல் விசிறி பலமானது, இறக்கை மெல்லியதாக இருப்பதால் தண்ணீரை நன்றாக வெட்டும், மணலில் தேய்வதும் குறைவு. உண்மைதான். ஆனால் இடித்தால் அது வளையாது, அந்த அடி தண்டுக்கும் கியருக்கும் போகும். அலுமினியம் தான் வளைந்து கியரைக் காக்கும். ஒரு விசிறியின் விலைக்கும் கியர்பெட்டி பழுதின் விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். ஆழ்கடலுக்கு மட்டும் போய், பாறையோ திட்டோ தொடாமல் துறைமுகத்துக்கே திரும்பும் பெரிய என்ஜின் படகுக்கு ஸ்டீல் வாங்கலாம். பிளாஸ்டிக் கலவை விசிறி மாற்றாக வைத்துக்கொள்ள நல்லது, அன்றாடம் எடை இழுக்க வேண்டாம்.

நான்கு இறக்கையா மூன்றா என்று கேட்பார்கள். நான்கு இறக்கை தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், அலையில் விசிறி மேலே வந்தாலும் பிடி சீக்கிரம் விடாது, நடுக்கம் குறைவு. ஆனால் அதே பிட்ச்சில் 50 முதல் 100 சுற்று குறையும். அதனால் நான்கு இறக்கைக்குப் போகும்போது பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்குங்கள். ஐப்பசி கார்த்திகைக் கொந்தளிப்பில், எடையோடு வாடைக் காற்றுக்கு எதிராக வர வேண்டியவர்களுக்கு இது பொருத்தம். நண்டு வலைக்கு ஆளும் எடையும் குறைவாகப் போகிறவர்களுக்கு மூன்று இறக்கையே போதும்.

ஆற்றுக்குள்ளும் வடிகாலிலும் ஓட்டுபவர்களுக்கு ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும்தான் எதிரி. இறக்கை பின்பக்கமாகச் சாய்ந்து வளைந்த வகை, செடியை உதறித் தள்ளும். வேகத்தில் கொஞ்சம் போகும், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினைத் தூக்கிச் செடி பிய்க்கும் வேலை மிச்சம்.

அமரத்தில் இரண்டு என்ஜின் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே விட்டம், ஒரே பிட்ச், ஒரே தயாரிப்பு வாங்குங்கள். ஒன்று தேய்ந்து மற்றொன்று புதிதாக இருந்தால் படகு ஒரு பக்கம் இழுக்கும். சில ஜோடிகளில் ஒன்று வலஞ்சுழி, மற்றொன்று இடஞ்சுழி. பின்னால் நின்று பார்க்கும்போது முன்னோக்கிய கியரில் கடிகார முள் போலச் சுற்றினால் வலஞ்சுழி. கடையில் இதைச் சொல்லிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் வலஞ்சுழிதான் தருவார்கள்.

வாங்கும் இடத்தில் முத்திரை தெளிவாக இருக்கிறதா, உள்குழலின் பல் சுத்தமாக வெட்டியிருக்கிறதா, மூன்று இறக்கையும் ஒரே தடிப்பா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வழுவழுப்பான கம்பியில் தொங்கவிட்டுச் சுற்றினால், எப்போதும் அதே இறக்கை கீழே வந்து நிற்கும் விசிறியில் எடை சமம் இல்லை. தண்ணீரில் போட்டுப் பார்த்துப் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சம்மதிக்கும் கடையில் நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை.

மாட்டுவது

முதலில் உயிர். கில் சுவிட்ச் (என்ஜினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றை உருவுங்கள், பிளக் வயர்களைக் கழற்றுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். நியூட்ரல் என்று நம்பி வயரை விட்டுவிடக் கூடாது. விசிறியைக் கையால் சுற்றும்போதே ஒரு பிளக் அடித்தால் விரல் போய்விடும்.

விசிறி சுற்றாமல் இருக்க, மேல் தட்டுக்கும் ஓர் இறக்கைக்கும் நடுவில் மரக்கட்டையைச் செருகுங்கள். கையால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகாதீர்கள். நட்டு கழலாமல் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டு, வாஷர், விசிறி என்ற வரிசையில் எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு சாக்கில் பரப்பி வையுங்கள். விசிறி வராவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். கட்டையை வைத்துக் கியர்பெட்டிப் பக்கத்திலிருந்து மெல்லத் தட்டுங்கள். உப்பில் இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள்.

விசிறி வந்ததும் தண்டின் அடியைப் பாருங்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கச் சொல்கிறேன். தங்கூசி நரம்பு, அதாவது வலையின் நைலான் இழை, அங்கே சுற்றியிருக்கும். கடலில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் அறுந்த நரம்பு வலைத் துண்டு விசிறிக்குள் போய், சுற்றச் சுற்ற இறுகி, சூட்டில் உருகி, கண்ணாடி வளையல் மாதிரி தண்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். மேலாகப் பார்த்தால் தண்டின் பாகம் என்றே நினைப்பீர்கள். நகத்தால் கீறினால் வெள்ளையாகப் பெயரும். அதற்குப் பின்னால்தான் எண்ணெய் சீல் இருக்கிறது. நரம்பு சீலை வெட்டினால் கடல் தண்ணீர் கியர்பெட்டிக்குள் போகும். கியர் எண்ணெயின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் புது விசிறி மாட்டுவது வீண். எண்ணெயை நிரப்பும்போது எப்போதும் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும் வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நிற்கும்.

தண்டின் பல்வரியைத் துணியால் துடைத்து, உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ் இல்லாமல் மாட்டிய விசிறியை அடுத்த வருடம் எடுக்க நெருப்புக் காட்ட வேண்டிவரும். முதலில் உள்பக்கம் போகும் தடித்த வாஷர். அதன் சரிவான பக்கம் தண்டின் சரிவில் உட்கார வேண்டும். இதைத் திருப்பிப் போட்டாலோ மறந்தாலோ விசிறி நேராகக் கியர்பெட்டியை அரைக்கும். பழைய விசிறியின் உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டு போய்விடுவது உண்டு, பழைய இரும்புக்குப் போடும் முன் தேடிப் பாருங்கள். பிறகு விசிறி, பின்வாஷர், நட்டு. நட்டின் இறுக்கம் கையேட்டில் உள்ளபடி. டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால், கட்டை வைத்து ஒரு சாதாரண ஸ்பேனரால் நன்றாக இறுக்கி, நட்டின் பள்ளம் தண்டின் துளைக்கு நேராக வரும் வரை முன்னோக்கியே கொண்டுபோங்கள். நேராக்குவதற்காகத் தளர்த்தக் கூடாது. காட்டர் பின் எப்போதும் புதிது, துருப்பிடிக்காத ஸ்டீலில். இரும்புக் கம்பித் துண்டு ஒரு சீசன்கூடத் தாங்காது.

அப்படியே துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். என்ஜினின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் கட்டி அது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கடலிலேயே இருக்கும் படகுக்குத் துத்தநாகம் போதும். ஆற்று வாயிலும் லகூனிலும் உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் கட்டிவைக்கும் படகுக்கு அலுமினியக் கட்டி சிறப்பாக வேலை செய்யும். மக்னீசியக் கட்டி நல்ல தண்ணீருக்கு மட்டும்தான். கட்டியின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. செம்பு கலந்த படகுப் பெயிண்ட் அலுமினிய விசிறியின் மேல் படவே கூடாது, அரித்துவிடும்.

மாட்டிய அன்றே சோதனை ஓட்டம் போய், சுற்றையும் வேகத்தையும் நோட்டில் எழுதுங்கள். முதல் நடை முடிந்ததும் நட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து விசிறியை ஒருமுறை கழற்றி, நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். சீசனில் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறவர்களின் சீலை நான் அதிகம் மாற்றியதில்லை.

பழைய விசிறி தேய்ந்திருந்தாலும் சுற்றும் நிலையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதோடு ஒரு நட்டு, இரண்டு வாஷர், நான்கு காட்டர் பின், பொருந்தும் ஸ்பேனர், ஒரு மரக்கட்டை, இடுக்கி, கிரீஸ் டப்பா, நரம்பு வெட்ட ஒரு கத்தி, எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட வாளியில் போட்டு படகின் முன்முனையில், அணியத்துப் பலகைக்குக் கீழே கட்டிவையுங்கள். பன்னிரண்டு பாக ஆழத்தில் விசிறி உடைந்து நின்ற இரவில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அரைமணி நேரத்தில் பழைய விசிறியை மாட்டிக் கரை சேர்ந்தவர் அந்த ஆறுகாட்டுத்துறைத் தம்பிதான். தை மாதம் வந்து சொல்லிவிட்டு, வாளிக்கு இன்னும் நான்கு காட்டர் பின் வாங்கிக்கொண்டு போனார்.